கடுங்குளிரைத் தேடிய ஆய்வகம்

பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையைப் பற்றி அறிய விழைவோர்க்கு முதலில் கிடைப்பவை இரண்டு பட்டியல்கள். ஒன்று ஆய்வுப் புலங்களைச் சொல்வது. மற்றொன்று ஆய்வக வசதிகளைச் சொல்வது. முதற்பட்டியலில் திண்மநிலை இயற்பியல், தாழ்வெப்பநிலை இயற்பியல், நிறமாலையியல், அணுக்கரு இயற்பியல் எனக் கம்பீரமான பெயர்கள் இருக்கும். இரண்டாவதில் எக்கிகள், மின்காந்தங்கள், குளிர்கலன்கள், பணிமனை என எளிய பெயர்கள் இருக்கும். மாணவர்கள் முதற்பட்டியலை ஆர்வத்தோடு படிப்பர். இரண்டாவதை மேலோட்டமாகப் பார்த்துக் கடந்துவிடுவர். ஆனால், இரண்டாவது பட்டியலே முதற்பட்டியலை எழுதிய வரலாறும் உண்டு. நெதர்லாந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்தின் வரலாறு அத்தகையது.

லைடன் பல்கலைக்கழகம் 1575ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் இயற்பியல் பேராசிரியராக 1882ஆம் ஆண்டு ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 29. 'அளவீட்டின் வழியே அறிவு' என்னும் பொருள்படும் டச்சுத் தொடரைத் தம் தொடக்கவுரையில் அவர் முன்வைத்தார். ஒவ்வோர் இயற்பியல் ஆய்வகத்தின் வாயிலிலும் அத்தொடரைப் பொறித்துவைக்க விரும்புவதாகவும் கூறினார். அதே நாட்டைச் சேர்ந்த வான்டர் வால்ஸ், வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதைக் கணக்கில் கொண்டு ஒரு சமன்பாட்டை அமைத்திருந்தார். அச்சமன்பாடு எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சோதிக்க, வாயுக்களை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் துல்லியமாக அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே, ஓன்னசுக்குக் குளிர் தேவைப்பட்டது.

குளிரை உண்டாக்குவது எளிதன்று. பனிக்கட்டியுடன் உப்பைக் கலந்தால் வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசு வரை இறங்கும். அதற்கும் கீழே செல்ல வேண்டுமாயின் வாயுக்களை நீர்மமாக்க வேண்டும். போலந்தின் கிராக்கோவ் நகரில் ரோப்லெவ்ஸ்கி, ஒல்ஷெவ்ஸ்கி ஆகிய இருவரும் 1883ஆம் ஆண்டு ஆக்ஸிஜனை நீர்மமாக்கிக் காட்டினர். எனினும், அவர்களுக்குக் கிடைத்தது சிறிதளவே. சில துளி நீர்மத்தைக் கண்டு மகிழலாம். அதில் ஒரு கருவியை மூழ்க வைத்து மணிக்கணக்கில் அளவெடுக்க இயலாது. ஓன்னஸ் விரும்பியது லிட்டர் கணக்கில், இடைவிடாது கிடைக்கும் குளிர்.

அதற்கு அவர் கையாண்டது படிநிலைக் குளிர்வித்தல். கோடையில் மண்பானையின் நீர் குளிர்வதேன்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. லைடன் ஆய்வகத்தின் பெரும் இயந்திரங்கள் செய்ததும் அடிப்படையில் இதுவே. முதற்படியில் மெத்தில் குளோரைடு அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டு, எக்கியால் ஆவி உறிஞ்சப்பட்டுக் கொதிக்கவிடப்பட்டது. அதனால் விளைந்த குளிரில் எத்திலீன் நீர்மமாயிற்று. எத்திலீன் அவ்வாறே குறைந்த அழுத்தத்தில் கொதித்தபோது விளைந்த குளிரில் ஆக்ஸிஜன் நீர்மமாயிற்று. ஆக்ஸிஜன் சுழிக்குக் கீழே 183 டிகிரியில் கொதிப்பது. ஒவ்வொரு படியிலும் ஆவியான வாயு வெளியேறிவிடாமல் மீண்டும் அழுத்தப்பட்டுச் சுற்றில் சேர்ந்தது. இவ்வமைப்பை எழுப்பி முடிக்க ஓன்னசுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வாண்டுகளில் அவரிடமிருந்து பெருங்கண்டுபிடிப்பு எதுவும் வெளிவரவில்லை. இன்றைய பல்கலைக்கழகம் ஒன்று இத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்குமா என்பது ஐயமே.

நகரின் அச்சம்

1895ஆம் ஆண்டில் ஆய்வகத்திற்கு ஓர் இடர் நேர்ந்தது. உயர் அழுத்த வாயுக்கள் அங்குச் சேமிக்கப்படுவதை அறிந்த நகராட்சி அஞ்சியது. அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 1807ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று லைடன் நகரின் நடுவே ஓடும் கால்வாயில் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். வீடுகள் பல தரைமட்டமாயின. அவ்வாறு வெறுமையான நிலத்தின்மீதுதான் பின்னாளில் இயற்பியல் ஆய்வகம் கட்டப்பட்டிருந்தது. தம் பாட்டன்மாரை இழந்த இடத்தில் மீண்டும் வெடிக்கக்கூடிய பொருள்கள் குவிவதை மக்கள் எவ்வாறு பொறுப்பர்?

தாழ்வெப்பநிலைப் பணிகள் நிறுத்தப்பட்டன. அரசு அமர்த்திய வல்லுநர் குழுவில் வான்டர் வால்சும் இடம்பெற்றார். லண்டனில் இதே துறையில் ஓன்னசுக்குப் போட்டியாளராக விளங்கிய ஜேம்ஸ் டியூவர், லைடன் ஆய்வகத்திற்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். பாதுகாப்பு விதிகளுடன் இசைவு கிடைத்தபோது 1898ஆம் ஆண்டு பிறந்திருந்தது. அவ்வாண்டில்தான் டியூவர் ஹைட்ரஜனை நீர்மமாக்கி முந்திக்கொண்டார். போட்டியாளரே பரிந்து எழுதியதையும், அந்தப் போட்டியாளரே முந்தியதையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால் அறிவியல் உலகின் இயல்பு சற்று விளங்கும்.

குளிர்ப்பணி நின்றிருந்த இக்காலத்தில் ஆய்வகத்தின் வேறோர் அறை விழித்திருந்தது. அங்கே பீட்டர் சீமன் என்னும் இளைஞர் ஒரு மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே சோடியம் சுடரை வைத்து, அதன் ஒளியைக் கீற்றணி வழியே ஆராய்ந்தார். காந்தப்புலத்தைச் செலுத்தியவுடன் நிறமாலைக் கோடுகள் அகன்றன. 1896ஆம் ஆண்டில் கண்ட இவ்விளைவு இன்று சீமன் விளைவு எனப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அதற்கு விளக்கம் தந்த லைடனின் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியர் லோரன்சும் சீமனும் 1902ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு நல்ல கீற்றணியும் ஒரு வலிய மின்காந்தமும் ஆய்வகத்தில் இருந்தமையால் திறந்த வாயில் அது.

நீல உடை அணிந்தோர்

ஓன்னஸ் தம் ஆய்வகத்தில் செய்த மிகப் பெரிய பணி எதுவென்று கேட்டால் பலரும் அவருடைய கண்டுபிடிப்புகளைக் குறிப்பிடுவர். 1901ஆம் ஆண்டு அவர் முறைப்படுத்திய கருவியாக்கப் பள்ளியையே குறிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. கடைசல் வேலை, உலோகப் பற்றவைப்பு, கண்ணாடி ஊதுதல் ஆகியவற்றை இளைஞர்கள் அங்கே பயின்றனர். பயின்றவாறே ஆய்வகத்திலும் பணியாற்றினர். நீலநிற மேலுடை அணிந்தமையால் அவர்களுக்கு 'நீலப் பையன்கள்' என்பது பெயராயிற்று.

கண்ணாடிப் பணியின் தலைவராக இருந்தவர் ஒஸ்கர் கெசெல்ரிங். கடுங்குளிர் நீர்மத்தைக் காக்க டியூவர் அமைத்த இரட்டைச் சுவர்க் கலன்தான் ஏற்றது. இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கிடையே வெற்றிடம், சுவர்களில் வெள்ளிப்பூச்சு. நம் வீடுகளில் தேநீரைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்கு அதன் வழித்தோன்றலே. வெப்பம் வெளியே போகாமல் காப்பதும் உள்ளே வாராமல் காப்பதும் ஒரே வேலைதானே! ஆனால், ஒன்றனுள் ஒன்றாகப் பல கலன்களைப் பொருத்தி, இருநூறு டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பநிலை வேறுபாட்டில் விரிசல் விடாதவாறு ஊதுவது கையில் வாய்க்கும் கலை. நூலில் படித்து அதைப் பெற இயலாது. இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கெரிட் ஃபிலிம். எந்த வால்வை எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன.

டியூவரின் லண்டன் ஆய்வகத்தில் இத்தகைய படை இல்லை. அவர் ஈடற்ற செய்முறைத் திறனாளர். ஆயினும் தம் வழிமுறைகளைப் பிறரோடு பகிர விரும்பாதவர். ஓன்னஸ், தம் ஆய்வகத்தின் முடிவுகளையும் கருவிகளின் அமைப்பையும் தொடர் வெளியீடாக ஆங்கிலத்தில் அச்சிட்டு உலகிற்கு அளித்தார். இவ்விரு போக்குகளின் விளைவு அடுத்த போட்டியில் தெரிந்தது.

எஞ்சிய ஒரு வாயு

ஹைட்ரஜனும் நீர்மமான பின்னர் அடங்காது நின்ற வாயு ஹீலியம் ஒன்றே. அதன் வரலாற்றில் நம் மண்ணுக்கும் தொடர்புண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் வானியலாளர்கள் கூடி, சூரியச் சுடர்களின் நிறமாலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் லாக்கியர், அந்நிறமாலையின் மஞ்சள் கோடு சோடியத்திற்கு உரியதன்று என உணர்ந்தார். அறியப்படாத அத்தனிமத்திற்குச் சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் எனப் பெயர் பிறந்தது. புவியில் அதனை 1895ஆம் ஆண்டுதான் ராம்சே கண்டறிந்தார்.

அரிய வாயு அது. ஓன்னசின் உடன்பிறந்தவர் ஆம்ஸ்டர்டாமில் வணிகத் தகவல் அலுவலகம் ஒன்றின் பொறுப்பில் இருந்தார். அவர் வாயிலாக அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து மோனசைட்டு மணல் வந்து சேர்ந்தது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் அதே கனிமந்தான். அதிலுள்ள தோரியம் கதிரியக்கத்தால் சிதையும்போது வெளிப்படும் ஹீலியம், காலங்காலமாக மணிகளுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். மணலைச் சூடாக்கி, வெளிவந்த வாயுவைத் தூய்மைப்படுத்திச் சேர்த்தனர். தூய்மை இன்றியமையாதது. டியூவரிடம் இருந்த ஹீலியத்தில் நியான் கலந்திருந்தது. குளிர்வித்தபோது நியான் உறைந்து வால்வுகளை அடைத்துக்கொண்டது.

இன்னொரு தடையும் இருந்தது. அழுத்திய வாயுவை நுண்துளை வழியே விரியவிட்டால் குளிரும் என்பது ஜூல்–தாம்சன் விளைவு. ஆனால், ஹீலியத்தை அறை வெப்பநிலையில் அவ்வாறு விட்டால் அது குளிராது. சிறிது சூடேறவே செய்யும். முன்னதாகவே கடுங்குளிருக்குக் கொண்டுவந்தால்தான் மேலும் குளிரும். எனவே, ஹீலியத்திற்கு நீர்ம ஹைட்ரஜன் வேண்டும். ஹைட்ரஜனுக்கு நீர்மக் காற்று வேண்டும். 1906ஆம் ஆண்டில் லைடனின் ஹைட்ரஜன் இயந்திரம் மணிக்கு 4 லிட்டர் என்னும் அளவில் இயங்கத் தொடங்கியது. ஹீலியத்தின் அழுத்த, கன அளவுகளை முன்னரே அளந்த ஓன்னஸ், வான்டர் வால்சின் கோட்பாட்டைக் கொண்டு அது நீர்மமாகக்கூடிய வெப்பநிலை 5 கெல்வினை ஒட்டியிருக்கும் எனக் கணித்தார். குருட்டுத்தனமாக அவர் இறங்கவில்லை.

1908 ஜூலை 10. விடியற்காலை 5.45 மணிக்குப் பணி தொடங்கியது. முந்தைய நாளே 75 லிட்டர் நீர்மக் காற்று ஆயத்தமாயிருந்தது. பிற்பகல் 1.30 மணிக்குள் 20 லிட்டர் நீர்ம ஹைட்ரஜன் சேர்ந்தது. மாலை 4.20க்கு ஹீலியம் சுற்றத் தொடங்கியது. வெப்பநிலைமானி இறங்கியது, பின்னர் ஓரிடத்தில் நின்றது. கலனுள் எதுவும் தென்படவில்லை. ஹைட்ரஜனோ தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்துவிட்டால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். அவ்வேளையில் அங்கு வந்த வேதியியல் பேராசிரியர் ஸ்கிரைனமாக்கர்ஸ், வெப்பநிலைமானி ஏதோ நீர்மத்துள் அமிழ்ந்திருப்பதுபோல் நிலையாக நிற்கிறது என்றும், கலனைக் கீழிருந்து ஒளியூட்டிப் பார்க்கலாம் என்றும் கூறினார். அவ்வாறே ஒளி பாய்ச்சியதும், கத்தியின் விளிம்புபோல் தெளிந்த கோடாய் நீர்மத்தின் மேற்பரப்பு தெரிந்தது. ஹீலியம் நீர்மமாகிச் சற்று நேரம் ஆகியிருந்தது. நிறமற்ற அதனை எவரும் காணவில்லை! கிடைத்த அளவு 60 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு தேநீர்க் குவளையைக்கூட நிறைக்காத அளவு. இரவு 9.40 வரை பணி நீண்டது. புவியிலேயே மிகக் குளிர்ந்த இடமாக அன்று லைடன் விளங்கியது. 1923ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோவில் ஹீலியம் நீர்மமாக்கப்படும் வரை, நீர்ம ஹீலியம் கிடைத்த ஒரே இடமாகவும் அதுவே இருந்தது.

பாதரசத்தின் வியப்பு

வசதி கைவந்தது; இனி எதை ஆராய்வது? உலோகங்களின் மின்தடை தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்போது என்னவாகும் என்பது அக்காலத்தில் விடை தெரியாத வினா. படிப்படியாகக் குறைந்து மறையும் என்றனர் சிலர். எலக்ட்ரான்கள் உறைந்து மின்தடை எல்லையின்றிப் பெருகும் எனக் கருதினார் கெல்வின் பிரபு. பிளாட்டினத்தையும் பொன்னையும் சோதித்தபோது மின்தடை ஓரளவிற்குக் குறைந்து அப்படியே நின்றது. எஞ்சிய தடைக்கு உலோகத்தில் கலந்திருக்கும் மாசே காரணம் என ஓன்னஸ் எண்ணினார். எனவே, வாலைவடித்தலால் மிகத் தூய்மையாக்கக்கூடிய பாதரசத்தைத் தேர்ந்தார். கண்ணாடி நுண்புழைக் குழாய்களில் பாதரசம் நிரப்பப்பட்டு உறையவைக்கப்பட்டது.

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 8. குளிர்கலனருகே ஓன்னசும் ஃபிலிமும் நின்றனர். வெப்பநிலையை டோர்ஸ்மன் கவனித்தார். எக்கிகளின் அதிர்வு மின்னளவீட்டைக் குலைக்கும் என்பதால், ஏறத்தாழ 50 மீட்டர் அப்பால் ஓர் இருட்டறையில் கால்வனோமீட்டருடன் ஹோல்ஸ்ட் அமர்ந்திருந்தார். மாலை 4 மணியளவில் மின்தடை அளக்கவியலாத அளவிற்கு வீழ்ந்திருந்தது. 'பாதரசம், ஏறத்தாழச் சுழி' எனப் பொருள்படும் சிறு குறிப்பைப் பென்சிலால் தம் குறிப்பேட்டில் எழுதினார் ஓன்னஸ். தொடர்ந்து செய்த அளவீடுகளில் அவ்வீழ்ச்சி படிப்படியானதன்று, 4.2 கெல்வினையொட்டித் திடீரென நிகழ்வது என்பது தெளிவாயிற்று. மீக்கடத்துத்திறன் என்னும் புதிய ஆய்வுப் புலம் பிறந்தது. காவலிருந்த நீலப் பையன் ஒருவன் கண்ணயர்ந்தமையால் வெப்பநிலை உயர்ந்து, அதனால்தான் திடீர் மாற்றம் வெளிப்பட்டது என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் அக்கதைக்கு அவற்றில் இடமில்லை என்கின்றனர். உறங்கிய பையன்மீது பழியும் வேண்டா; புகழும் வேண்டா.

எந்தத் தூய்மைக்காகப் பாதரசம் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அத்தூய்மை தேவையே இல்லை எனவும் பின்னர்த் தெரிந்தது. மாசு கலந்த பாதரசமும் மீக்கடத்தியாயிற்று. 1912ஆம் ஆண்டின் இறுதியில் ஈயமும் வெள்ளீயமும் அவ்வாறே ஆயின. பிழையான எண்ணம் சரியான பொருளிடம் கொண்டு சேர்த்தது. இந்நிகழ்வின் காரணத்தைப் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் 1957ஆம் ஆண்டுதான் விளக்கினர். அதற்குள் 46 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த ஏப்ரல் நாளின் குறிப்பேட்டில் இன்னொரு வரியும் உண்டு. வெப்பநிலையை மேலும் தாழ்த்தியபோது நீர்ம ஹீலியத்தின் கொதிப்பு திடீரென நின்று, அமைதியாக ஆவியாகத் தொடங்கியதாக அவ்வரி சொல்கிறது. ஹீலியம் மீப்பாய்மமாக மாறும் காட்சி அது. கண்டனர், எழுதியும் வைத்தனர், இன்னதென உணரவில்லை. மாஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் ஆகியோரும் மீப்பாய்மத் தன்மையை உலகிற்கு அறிவித்தபோது ஆண்டு 1938.

மீக்கடத்துத்திறனை அறிவித்த 1911ஆம் ஆண்டின் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் ஓன்னஸ் என்பது மட்டுமே. இருட்டறையில் அமர்ந்து அளந்த ஹோல்ஸ்ட்டின் பெயர் நன்றியுரையில் இடம்பெற்றது. அக்கால வழக்கம் அது எனச் சொல்லி அமையலாம். ஆயினும், அளவீட்டையே அறிவின் வாயில் என முழங்கிய ஆய்வகத்தில், அளந்தவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது உறுத்தவே செய்கிறது. ஹோல்ஸ்ட் பின்னர் ஐண்ட்ஹோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் இயற்பியல் ஆய்வகத்தை உருவாக்கி நடத்தினார். ஓன்னசுக்கு 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1926ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தில் வண்டியின் பின்னே விரைந்து நடந்து மூச்சிரைத்த பணியாளர் ஒருவர், "இப்போதும் நம்மை ஓடவைக்கிறார், பாருங்கள்!" என்றதாகச் சொல்வர். அதில் குறையும் உண்டு, அன்பும் உண்டு.

இன்று நம் மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தச் சுருள்கள் பெரும்பாலும் நீர்ம ஹீலியத்தில் அமிழ்ந்த மீக்கடத்திகளே. ஓன்னசின் பழைய ஆய்வகக் கட்டடத்தில் இப்போது சட்டப்புலம் இயங்குகிறது. ஹீலியத்தை முதன்முதலில் நீர்மமாக்கிய கருவி லைடனின் பூர்ஹாவ அருங்காட்சியகத்தில் உள்ளது. 1901ஆம் ஆண்டின் கருவியாக்கப் பள்ளி அந்நகரில் இன்றும் நடைபெறுகிறது. கண்ணாடியை உருக்கி வடிக்கும் கலை அங்கே இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஃபிலிமைப் பற்றிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. மீக்கடத்தி வளையத்தில் ஒருமுறை செலுத்திய மின்னோட்டம், மின்கலத்தை நீக்கிய பின்னரும் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 1932ஆம் ஆண்டு, 200 ஆம்பியர் மின்னோட்டம் சுழன்றுகொண்டிருந்த ஈய வளையம் ஒன்றை நீர்ம ஹீலியக் கலனுள் வைத்து, ஃபிலிம் வானூர்தியில் லண்டனுக்குக் கொண்டுசென்றார். அவர் அதனைக் காட்சிக்கு வைத்த இடம், டியூவர் பணியாற்றிய ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கம்.